கிணற்றடியில் பார்த்த கண்களை வைத்துக் கணவரைச் சந்தேகிக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். சின்ன வயதிலிருந்தே ஆழமான தண்ணீரைக் கண்டால் பயம். குளம், கிணறு எதையும் எட்டிப் பார்க்கமாட்டேன். இரண்டு வருடமாகத் தண்ணீரில் மூழ்குவது போல வாரத்துக்கு மூன்று நான்கு நாள் கனவு வருகிறது. தோழி சொன்னதால், ஆன்லைனில் ஹிப்னாடிசத்தில் முற்பிறவிக்கு அழைத்துப்போகும் ‘பாஸ்ட் லைஃப் ரெக்ரஷன்’ செய்யும் ஒருவரிடம் ஐந்து அமர்வுக்குப் பணம் கட்டினேன். முதல் அமர்விலேயே கண்டாங்கிச் சேலை கட்டிய பெண்ணாக என்னைப் பார்த்தேன். வருடம் 1820 என்று என் வாயிலேயே வந்தது. ராத்திரி நேரம், கிணற்றுச் சுவரில் அரிக்கேன் விளக்கு, பின்னாலிருந்து ஒருவன் தள்ளிவிடுகிறான். “அந்தக் கண்களை உற்றுப் பாருங்கள், இந்த ஜென்மத்தில் அது யார்?” என்று அந்தச் சிகிச்சையாளர் கேட்டார். என் கணவர் முகம் வந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. ஆனால் ஆறு வாரமாகக் கணவர் பக்கத்தில் படுக்க முடியவில்லை. குளிக்கும்போது அவர் வீட்டில் இருந்தால் வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தத்துக்கே உடம்பு நடுங்குகிறது. அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. அடுத்த அமர்வில் ‘கர்மக் கணக்கை வெட்டிவிடலாம்’ என்கிறார் அந்தச் சிகிச்சையாளர். மாமியார் வைத்தீசுவரன் கோவிலில் நாடி பார்க்கச் சொல்கிறார். இன்னொன்று: எனக்கு ஐந்து வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் கிணற்றில் விழுந்து இறந்தானாம். எனக்கு ஞாபகமில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். நான் பார்த்தது நிஜமா? மீதி அமர்வுக்குப் போகலாமா? மறுபிறவி என்பதே பொய்யா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவர் விஷயம். அந்த அமர்வில் வந்த முகத்தை வைத்து அவர் மீது எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒருவர் ஆபத்தானவரா என்பதை விழித்திருக்கும் வாழ்க்கையில் அவர் நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அடித்ததில்லை, அதட்டியதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் சாட்சி. எழுத முடியாத வேறு ஏதாவது வீட்டில் நடந்திருந்தால் அது இந்தப் பிறவியின் பிரச்சினை, அதற்கு வேறு உதவி இருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால், ஆறு வாரமாக நீங்கள் நடுங்குவது ஒரு கேள்வியின் விளைவு. அந்தக் கேள்வி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் நடுக்கத்தின் பாதி வேகம் குறையும். ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த அமர்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் நடக்கும். கண்ணை மூடச் சொல்வார்கள். மூச்சைக் கவனிக்கச் சொல்லி, கால்விரலில் தொடங்கி நெற்றிவரை ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்துவார்கள். இதற்கே பதினைந்து இருபது நிமிடம் ஆகும். பிறகு பத்துப் படிகள், கீழே ஒரு கதவு. கதவைத் திறந்ததும் “குனிந்து காலைப் பாருங்கள், என்ன தெரிகிறது? என்ன உடுத்தியிருக்கிறீர்கள்? இது எந்த வருடம்?” என்று கேட்பார்கள். இதில் ஒரு கேள்விகூட “ஏதாவது தெரிகிறதா?” என்று திறந்ததாக இருக்காது. ஏதோ தெரிந்தே ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லாவற்றிலும் இருக்கும். ஆழ்ந்து தளர்ந்திருக்கும் மனம் வெறும் இருட்டைக் காட்டிவிட்டு நிற்பதில்லை. தன்னிடம் இருக்கும் சரக்கிலிருந்து காலுக்கு ஒரு தண்டையும் உடம்புக்கு ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. கனவு காண்கிறவர் பொய் சொல்வதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

“அந்தக் கண்கள் இந்த ஜென்மத்தில் யார்?” என்ற கேள்வியை இப்போது பாருங்கள். பதிலுக்கு ஒரு பெயர் தேவை. உங்கள் தினசரி வாழ்க்கையில் மிக நெருக்கமாக இருக்கும் நாலைந்து பேரில் ஒருவர்தான் அதில் வந்து நிற்க முடியும். தள்ளிவிட்டவன் ஆண் என்று காட்சி ஏற்கெனவே சொல்லிவிட்டது. மிச்சம் யார்? பெரும்பாலான மனைவியருக்கு அங்கே கணவர் முகம்தான் வரும். பயத்தில் உறைந்திருக்கும் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது கடுமையான தவறு. பயிற்சி பெற்ற எவரும் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

நீங்கள் எழுதிய அரிக்கேன் விளக்குக்கு வருகிறேன். வருடம் 1820 என்கிறீர்கள். மண்ணெண்ணெயில் எரியும் விளக்கு உலகத்துக்கு வந்ததே 1850-களில்தான். காற்றுக்கு அணையாத அரிக்கேன் அதற்கும் பிறகு. 1820-ல் காவிரிக் கரைக் கிராமத்துக் கிணற்றடியில் எரிந்திருக்கக் கூடியது எண்ணெய் விளக்கோ தீப்பந்தமோதான். இன்னொன்று, அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்ணிடம் வருடம் கேட்டால் ‘விக்கிரம’, ‘விஷு’ என்று தமிழ் வருடப் பெயர் வரலாம், அல்லது பெரிய பஞ்சம் வந்த வருடம், ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் என்று வரலாம். ஆங்கில வருடக் கணக்கில் வட்டமாக ஓர் எண் வருகிறது என்றால், அந்த எண்ணைத் தந்தது பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த உங்கள் மனம். அரிக்கேனையும் கண்டாங்கியையும் தந்தது பழைய படங்களின் கிராமத்து இரவுக் காட்சிகளாக இருக்கலாம். தத்ரூபமாகத் தெரிந்தது என்பதால் நடந்ததாகிவிடாது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பக்கத்து வீட்டுப் பையன் கிணற்றில் விழுந்தது பற்றி, அந்த இரண்டு வரி என்னை நிறுத்தி வைத்தது. இந்தத் துறையில் உலகப் புகழ்பெற்ற சம்பவத்திலும் விஷயம் தெருவின் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தது. 1952-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வர்ஜீனியா டை என்ற பெண்ணை மோரி பெர்ன்ஸ்டைன் என்ற தொழிலதிபர் ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தினார். வர்ஜீனியா அயர்லாந்துப் பேச்சு வாடையில், தான் 1798-ல் கார்க் நகரில் பிறந்த பிரைடி மர்ஃபி என்றார். 1956-ல் இது புத்தகமாகி அமெரிக்காவையே உலுக்கியது. பத்திரிகையாளர்கள் அயர்லாந்துக்குப் போய்த் தேடினார்கள். அப்படி ஒருத்தி பிறந்ததற்கோ இறந்ததற்கோ பதிவு கிடைக்கவில்லை. ஆனால் வர்ஜீனியா சிறுமியாக வளர்ந்த சிகாகோ வீட்டின் எதிரே, அயர்லாந்திலிருந்து குடியேறிய ஒரு பெண் வாழ்ந்திருந்தார். திருமணத்துக்கு முன் அவர் பெயர் பிரைடி மர்ஃபி.

இதற்கு மறைநினைவு என்று பெயர் சொல்லலாம். எங்கே கேட்டோம், எங்கே பார்த்தோம் என்பது அழிந்துவிடும். கேட்டதும் பார்த்ததும் மட்டும் உள்ளே தங்கிவிடும். ஃபின்லாந்து மனநல மருத்துவர் ரெய்மா கம்ப்மன் இதை இன்னும் நேரடியாகக் காட்டினார். ஹிப்னாடிசத்தில் இருந்த ஒரு பெண் இடைக்கால ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடினாள். அந்த மொழி அவளுக்குத் தெரியாது. மறுபடி ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, “இதை எங்கே பார்த்தாய்?” என்று கேட்டபோது, சிறுமியாக நூலகத்தில் ஒரு சங்கீதப் புத்தகத்தைப் புரட்டியதைச் சொன்னாள். பாட்டு அந்தப் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

ஐந்து வயதில் பக்கத்து வீட்டில் ஒரு சாவு. கிணற்றடியில் கூட்டம், பெண்களின் ஒப்பாரி, “கிட்டப் போகாதே” என்று உங்களை இழுத்துப் பிடித்த கை. இவையெல்லாம் உங்களுக்கு ஞாபகமாகத் தங்காமல் பயமாக மட்டும் தங்கியிருக்கலாம். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் முற்பிறவிக்குப் போவதற்கு முன் இந்தப் பிறவியில் பார்க்க வேண்டிய கிணறு ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள்: அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் உங்களைத் தூக்கிப் போனார்கள், பிறகு எத்தனை நாள் பேசாமல் இருந்தீர்கள்.

எதிர்பார்ப்பு காட்சியை எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதைக் கனடாவின் உளவியல் ஆய்வாளர் நிக்கோலஸ் ஸ்பானோஸ் 1991-ல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. பழங்காலத்தில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது சகஜம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களின் ‘முற்பிறவி’யில், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட அதிகமாகக் கொடுமை வந்தது. 1940-ல் ஜப்பானியப் போர் விமானியாக இருந்ததாகச் சொன்ன ஒருவருக்கு அந்நாட்டுப் பேரரசர் பெயர் தெரியவில்லை, ஜப்பான் அப்போது சமாதானமாக இருந்தது என்றார். அப்போது அது சீனாவுடன் போரில் இருந்தது. மறுபிறவியை முன்பே நம்பியவர்கள் தங்கள் காட்சியை நிஜம் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. ஹிப்னாடிசத்தில் மீட்ட நினைவு சாதாரண நினைவைவிட நம்பகமானது அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985-லேயே அறிக்கை தந்துவிட்டது. ஹிப்னாடிசமே மோசடி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள்பட்ட வலிக்கும் குடல் எரிச்சல் நோய்க்கும் தேர்ந்தவர்கள் அதைப் பயனோடு செய்கிறார்கள். நினைவைத் தோண்டி எடுக்கும் கடப்பாரையாக அதைப் பயன்படுத்தும்போதுதான் விபரீதம்.

அப்படியானால் மறுபிறவியே பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மனநல ஆலோசகர் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் நம்பிக்கையை நீங்கள் விட வேண்டியதும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விஷயத்தை அதிகம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன். இந்தியாவிலும் இலங்கையிலும் வேறு நாடுகளிலும் அலைந்து, 2007-ல் இறப்பதற்குள் சுமார் 2,500 சம்பவங்களைத் திரட்டினார். இங்கே பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் சத்வந்த் பஸ்ரிச்சா அதே வழியில் ஆராய்ந்தார். அவர்கள் பெரும்பாலும் பார்த்தது இரண்டு மூன்று வயதில் விழித்திருக்கும்போதே தானாகப் பேசிய குழந்தைகளை. டெல்லியில் 1926-ல் பிறந்து, மதுராவில் தனக்குக் கணவன் இருப்பதாகச் சொன்ன சாந்தி தேவி இந்த வகையில் பிரபலமானவர். இப்படிப் பேசும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் அதை மறந்துவிடுகிறார்கள். மறுபிறவியைத் திறந்த மனதோடு எடுத்துக்கொண்ட அதே ஸ்டீவன்சன், ஹிப்னாடிசத்தில் வரும் முற்பிறவிக் கதைகளை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார். ஆகவே உங்கள் அமர்வைச் சந்தேகப்படுவது மறுபிறவியைச் சந்தேகப்படுவது ஆகாது.

நம் மரபும் இதில் நிதானமாகத்தான் இருந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கோவலனின் முற்பிறவியைக் கண்ணகிக்குச் சொல்கிறது. பரதன் என்ற பிறவியில் சங்கமன் என்ற வணிகனைக் கொல்லக் காரணமாக இருந்தான் என்கிறது. எரிந்துகொண்டிருக்கும் ஒருத்தியின் சினத்தைத் தணிக்க அது சொல்லப்படுகிறது. பக்கத்தில் இருப்பவரைக் காட்டி ‘இவன்தான் உன் எதிரி’ என்பதற்காகச் சொல்லப்படவில்லை. மணிமேகலையும் மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை அறிகிறாள், பற்று விடுவதற்கு. சைவ சித்தாந்தத்தில் சஞ்சிதம், பிராரத்துவம், ஆகாமியம் என்று வினை மூன்று. பிராரத்துவம் அனுபவித்துக் கழிவது. இன்றைக்கு நம் கையில் இருப்பது, இன்று செய்யும் செயலால் சேரும் ஆகாமியம். கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றாம் ஆள் ஒருவர் வெட்டிவிடும் கணக்கு இதில் எங்கும் வரவில்லை.

நாடி பற்றி ஒரு வார்த்தை. பெருவிரல் ரேகை வாங்கி, ஓலைக்கட்டைப் பிரித்து ஆம், இல்லை என்று பதில் கேட்டுக்கொண்டே போவார்கள். முற்பிறவிப் பாவமும் பரிகாரமும் சாந்தி காண்டத்தில் வரும். மாமியாரின் அக்கறையை மதியுங்கள், ஆனால் இப்போது போக வேண்டாம். உங்கள் மனம் இருக்கும் நிலையில் யார் என்ன கதை சொன்னாலும் பசை போல ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் நன்றாகத் தூங்கிய பிறகு, வேண்டுமானால் யோசியுங்கள்.

முதல் நாள் லேசாக இருந்ததே என்று நீங்கள் குழம்பலாம். ஒரு மணி நேரம் ஒருவர் முழுக் கவனத்தோடு கேட்டார், உடம்பு தளர்ந்தது, அழுகை வெளியே வந்தது. இந்த மூன்றும் யாருக்கும் ஆறுதல் தரும். கூடவே, பயத்துக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. அதனால்தான் கிணற்றில் இருந்த பயம் குளியலறைக்கு வந்துவிட்டது.

மீதி நான்கு அமர்வுக்குப் போகாதீர்கள். பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள், திரும்பாவிட்டாலும் போகாதீர்கள். ‘பாதியில் விட்டால் ஆத்மா நடுவில் மாட்டிக்கொள்ளும்’ என்று யாராவது சொன்னால் அது வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கும் பேச்சு. அமர்வைப் பதிவு செய்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், ஆனால் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம். கேட்கும் ஒவ்வொரு முறையும் காட்சி கெட்டிப்படும்.

இன்று இரவுக்கு ஒன்று. படுக்கும்போது அந்தக் காட்சி வந்தால் கண்ணைத் திறங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: மின்விசிறி, துணிக்கொடி, தலையணை உறை என்று. பிறகு தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று ஓசை. இன்றைய தேதியையும் கிழமையையும் சொல்லுங்கள். கணவரிடம் முழுக் கதையும் கொட்ட வேண்டியதில்லை. “ஒரு சிகிச்சையில் பயங்கரமான ஒரு காட்சி வந்தது, அதில் உங்கள் முகம் கலந்துவிட்டது, உங்கள் தப்பு எதுவும் இல்லை, கொஞ்ச நாள் நான் விலகிப் படுத்தால் கோபிக்காதீர்கள்” என்றால் போதும். ஆறு வாரமாகக் காரணம் தெரியாமல் அவரும் தவித்துக்கொண்டிருப்பார்.

கனவுக்குத் தனி வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் கனவை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதன் போக்கை எந்த இடத்திலாவது உங்கள் விருப்பப்படி மாற்றி எழுதுங்கள். தண்ணீர் முழங்கால் அளவுதான், அல்லது படி ஒன்று காலில் தட்டுகிறது, ஏறி வந்துவிடுகிறீர்கள். மாற்றிய கனவை மட்டும் தினம் பத்து முதல் இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், சாயங்காலம் செய்யுங்கள். சில வாரம் விடாமல் செய்தால் பலருக்குக் கனவின் எண்ணிக்கை குறைகிறது. மூச்சுத் திணறி விழிக்கிறீர்களா, பலமான குறட்டை உண்டா, காலையில் தலைவலி உண்டா என்றும் பாருங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களுக்கும் மூழ்குவது போன்ற கனவு வரலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளும் சிலருக்குக் கெட்ட கனவைத் தரலாம். மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தூக்கம் ஓரளவு திரும்பிய பிறகுதான் தண்ணீர்ப் பயத்தைத் தொட வேண்டும். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சைதான் இதற்கு நன்றாகப் பலன் தருவது. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு ஏணி எழுதுங்கள். கிணற்றுப் படத்தைப் பார்ப்பது 20 என்றால், அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் முகத்தை நனைப்பது 35, கோயில் குளத்தின் மேல்படியில் உட்கார்வது 45, கடைசிப் படியில் பாதம் நனைப்பது 65, கம்பி வலை போட்ட கிணற்றை எட்டிப் பார்ப்பது 80, பயிற்சியாளரோடு ஆழமில்லாத நீச்சல் குளத்தில் இடுப்பளவு நிற்பது 90. எண்கள் உங்களுக்கு வேறாக வரும். ஒரு படியில் போய் நின்றால், பயம் ஏறி, தானாகப் பாதிக்கு இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணி ஆகலாம். உச்சத்தில் ஓடி வந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், மறுநாள் பயம் கூடும். வீட்டில் முயன்றவர்களுக்குப் பலிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்பதும் ஓடிவிடுவதற்குச் சமம். ஒரே படியை மூன்று நான்கு நாள் செய்து, மதிப்பெண் பாதியானதும் அடுத்ததற்குப் போங்கள். தனியாக எதையும் செய்யாதீர்கள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்றுப் படித்துறை வேண்டவே வேண்டாம், அங்கே பயப்படுவதுதான் சரி.

இந்த ஏணியை ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோடு சேர்ந்து ஏறினால் விரைவாக முடியும். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள். வார இறுதிப் பயிற்சியில் வாங்கிய ‘சர்டிஃபைட் ஹிப்னோதெரபிஸ்ட்’ பட்டம் அதற்கு ஈடாகாது. உங்களுக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: ஐந்து வயதில் நடந்தது, இரண்டு வருடக் கனவு, அந்த அமர்வு. அதற்கு முன் ஏதாவது ஓர் இரவு தாங்க முடியாமல் போனால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசுவார்கள்.